மாடி பம்பின் 48 ஹெர்ட்ஸ் உறுமல்: அளந்து, வழி கண்டுபிடித்து, அடக்கிய பதிவு

மொட்டைமாடியில் ஒரு பிரஷர் பம்ப். அது ஓடும்போதெல்லாம் கீழே ஒரு அறை தள்ளியிருக்கும் படுக்கையறையில் தாழ்ந்த உறுமல் ஒன்று கேட்கும். பகலில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ராத்திரி மற்ற சத்தமெல்லாம் அடங்கியதும் அது மட்டும் மிஞ்சும். அங்கே படுப்பவருக்குத் தூக்கம் கெடும், தலை கனக்கும். பக்கத்து அறையில் இருப்பவரோ உள்ளே வந்து நின்று கேட்டுவிட்டு "எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே" என்பார்.

துல்லியத்தில் இரண்டாம் வகுப்பைச் (கிளாஸ் 2) சேர்ந்த ஒலிமட்டமானி ஒன்றை இரவல் வாங்கி அளந்தேன். பம்ப் நிற்கும்போது 32 டெசிபல், ஓடும்போது 33. வித்தியாசம் ஒரே ஒரு டெசிபல். இந்த இரண்டு எண்களையும் தாளில் எழுதிக் காட்டினால் யாராக இருந்தாலும் "இதெல்லாம் ஒரு சத்தமா" என்றுதான் கேட்பார்கள். இப்படித் திருப்பி அனுப்பப்பட்ட புகார்கள் எத்தனையோ இருக்கும். அதனால்தான் இந்த வேலையை முழுதாக எழுதி வைக்கிறேன். கட்டடத்தின் உடம்பு வழியாக வரும் தாழ்ந்த ஒலியில் "எவ்வளவு சத்தம்" என்று கேட்டால் பெரிதாகப் பதில் கிடைக்காது. "எந்த அதிர்வெண்ணில், எந்த வழியாக" என்று கேட்டால்தான் வேலை நகரும்.

ஏ எடையும் சி எடையும்

மீட்டரில் சாதாரணமாகத் தெரிவது ஏ எடையிட்ட டெசிபல். மெல்லிய ஒலிகளை மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப, தாழ்ந்த அதிர்வெண்களை அது குறைத்து மதிப்பிடும். 1000 ஹெர்ட்ஸில் கழிவு எதுவும் இல்லை. 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபல் கழியும், 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபல் கழியும். சி எடையில் 50 ஹெர்ட்ஸுக்குக் கழிவது ஒரு டெசிபலுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பெரும்பாலான மீட்டர்களில் இரண்டுக்கும் இடையே மாற்ற ஒரு பொத்தான் இருக்கும், ஆனால் அதைத் தொடுபவர்கள் குறைவு.

சி-க்கு மாற்றினேன். நிற்கும்போது 46, ஓடும்போது 57. பதினொரு டெசிபல் ஏற்றம்! ஓடும்போது சி-க்கும் ஏ-க்கும் இடைவெளி 24. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட சமூக இரைச்சல் வழிகாட்டியில் இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது: சி, ஏ இரண்டுக்கும் வித்தியாசம் 10 டெசிபலைத் தாண்டினால் அதிர்வெண் வாரியாகப் பிரித்துப் பாருங்கள் என்கிறது. படுக்கையறைக்கு இரவில் சராசரியாக 30 டெசிபல் ஏ என்ற அளவைச் சொல்வதும் அதே ஆவணம்தான். தாழ்ந்த ஒலி மிகுந்திருந்தால் அந்த அளவும் போதாது, இன்னும் குறைய வேண்டும் என்கிறது. சுற்றுப்புற இரைச்சலை அளப்பதற்கான ஐஎஸ்ஓ 1996 தரமும், ஒரே சுரமாக ஒலிக்கும் இரைச்சலின் அளவோடு 3 முதல் 6 டெசிபல் வரை கூட்டி மதிப்பிட இடம் தருகிறது. ஒரே சுரத்தில் வருவது அதிகம் உறுத்தும் என்பதுதான் காரணம்.

அளக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். சராசரி மட்டத்தை மட்டும் எடுத்தால் தெருவில் போகும் ஒரு வண்டி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பம்பின் உறுமல் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக வருவது. அதனால் அளக்கும் நேரத்தில் 90 சதவீதம் எந்த மட்டத்துக்கு மேல் இருந்ததோ அந்த அளவு, அதாவது எல்90, இங்கே நம்பகமானது. மேலே சொன்ன எண்கள் எல்லாம் எல்90.

எந்த அதிர்வெண்

ஸ்பெக்ட்ரம், அதாவது ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்த படம் பார்க்க, இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகையும் ஐஎன்எம்பி441 மைக்கும் போதுமாக இருந்தன. ஆனால் இந்த மைக்கின் எல்லைகள் தெரிந்திருக்க வேண்டும். அதன் சொந்த இரைச்சலே ஏறத்தாழ 33 டெசிபல் ஏ. ஆகவே அமைதியான அறையின் மொத்த மட்டத்தை அதைக் கொண்டு அளக்க முடியாது. ஸ்பெக்ட்ரத்தில் பிரிக்கும்போது அந்த இரைச்சல் ஆயிரக்கணக்கான சிறு பட்டைகளில் சிதறிப்போவதால், ஒற்றைச் சுரம் மட்டும் தெளிவாகத் தலைதூக்கும். இரண்டாவது சிக்கல், 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் உணர்திறன் சரியத் தொடங்கிவிடும். வழக்கமான அளவுத்திருத்தக் கருவி 1000 ஹெர்ட்ஸில் 94 டெசிபல் கொடுக்கும். அதில் சரியாகக் காட்டும் மைக் 48 ஹெர்ட்ஸிலும் சரியாகக் காட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எனவே தாழ்ந்த ஒலிக்கான ஊஃபர் ஸ்பீக்கர் ஒன்றில் 48 ஹெர்ட்ஸ் சுரத்தை ஓடவிட்டு, ஒலிமட்டமானியையும் மைக்கையும் ஒட்டி வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் திருத்தமாகக் குறித்துக்கொண்டேன்.

பதிவின் நீளம் முக்கியம். ஸ்பெக்ட்ரத்தில் ஒன்றையொன்று ஒட்டியிருக்கும் இரண்டு அதிர்வெண்களைப் பிரிக்க வேண்டுமென்றால் அதற்கேற்ற நேரம் பதிவு செய்ய வேண்டும். ஒரு நொடிப் பதிவில் 1 ஹெர்ட்ஸ் துல்லியம், நான்கு நொடியில் கால் ஹெர்ட்ஸ். போன் செயலிகள் பலவற்றில் இந்த நேரம் மிகக் குறைவு. அதனால் அவை 48-ஐயும் 50-ஐயும் ஒரே மேடாகக் காட்டிவிடும்.

நான்கு நொடித் துண்டுகளாகப் பார்த்தபோது மேடு 48.25 ஹெர்ட்ஸில் நின்றது. அறுபதால் பெருக்கினால் நிமிடத்துக்கு 2895 சுற்று. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் இரு துருவ மோட்டார் 3000-க்குச் சற்றுக் கீழே சுற்றும், பம்பின் பெயர்ப்பலகையிலும் 2900 என்றுதான் போட்டிருக்கிறது. பக்கத்தில் 96.5-இல் ஒரு சின்ன மேடு, அதற்கும் அடுத்து 100-இல் இன்னொன்று. முன்னது சுழற்சியின் இரட்டிப்பு. பின்னது மின்காந்தத்தால் வருவது. மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் போல இருமடங்கு. மின்மாற்றி காரணமாக இருந்திருந்தால் பெரிய மேடு 100-இல்தான் இருந்திருக்கும். சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் இருக்க, பம்பின் மின் இணைப்பை நிறுத்தி, திரும்பப் போட்டு, மேடு மறைந்து வருவதைப் பார்த்தேன். எத்தனை கணக்குப் போட்டாலும் இந்த நிறுத்தி-ஓட்டிச் சோதனைக்கு ஈடில்லை.

48 ஹெர்ட்ஸ் சுரத்தின் அளவு, கட்டிலின் தலைமாட்டுச் சுவர் ஓரத்தில் 58 டெசிபல். 50 ஹெர்ட்ஸில் நல்ல காதுக்குக் கேட்கும் விளிம்பு ஏறத்தாழ 44. ஆக, விளிம்புக்கு மேல் பதினான்கு. தாழ்ந்த அதிர்வெண்களில் விளிம்பைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு டெசிபலும் காதுக்குக் கூடுதலாகவே உறைக்கும்.

மைக்கைக் கையில் பிடித்தபடி தலைமாட்டிலிருந்து எதிர்ச்சுவரை நோக்கி மெல்ல நடந்தேன். திரையில் அந்த ஒற்றைக் கோடு சரிந்துகொண்டே வந்தது. அறையின் நடுவில் 45. இன்னும் நகர்ந்ததும் மறுபடி ஏறத் தொடங்கி எதிர்ச்சுவரில் பழைய உயரத்துக்குப் போய் நின்றது. அறையின் நீளம் 3.5 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர், அதை நீளத்தின் இருமடங்கான 7-ஆல் வகுத்தால் 49 ஹெர்ட்ஸ். அறை இயல்பாக ஒத்ததிரும் அதன் சொந்த அதிர்வெண்ணும் பம்பின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாக விழுந்திருக்கின்றன. அலை இரண்டு சுவருக்கும் இடையே நின்றுவிடுகிறது, அழுத்தம் சுவரோரத்தில் உச்சம், நடுவில் பள்ளம். "எனக்குக் கேட்கவில்லை" என்றவர் அறையின் நடுவில் நின்று கேட்டிருப்பார். படுப்பவரின் தலையோ சுவரை ஒட்டி. இருவர் சொன்னதும் உண்மைதான். வேலை முடியும்வரை கட்டிலை நடுவுக்கு இழுத்துப் போட்டதே ஒரு நல்ல தற்காலிக நிவாரணம்.

இந்த இடத்தில் நுரைப் பலகைகள் பற்றி ஒரு வார்த்தை. சுவரில் ஒட்டினால் சத்தம் போய்விடும் என்று பலர் நம்பி வாங்குகிறார்கள். 48 ஹெர்ட்ஸின் அலைநீளம் 7 மீட்டருக்கு மேல். நுரை அதை விழுங்க வேண்டுமென்றால் கால் அலைநீளம், அதாவது 1.8 மீட்டர் அளவில் தடிமன் வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் நுரை இங்கே எதையும் செய்யாது. பம்பைச் சுற்றிப் பெட்டி கட்டுவதும் காற்று வழி வரும் சத்தத்துக்குத்தான் உதவும்.

எந்த வழி

உறுமல் காற்றில் வரவில்லை, கட்டடத்தின் உடம்பு வழியாக வருகிறது என்பது ஊகம். அதை அளந்து பார்க்க, அதிர்வை உணரும் சென்சாரான முடுக்கமானி வேண்டும். ஏடிஎக்ஸ்எல்355 எடுத்தேன். ஏடிஎக்ஸ்எல்345 மலிவு, ஆனால் அது பிரித்துக் காட்டும் மிகச் சிறிய படியே ஏறத்தாழ 4 மில்லி-ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்). நான் சுவரில் தேடிய அதிர்வு 2 மில்லி-ஜிக்கும் குறைவு. போனில் இருக்கும் முடுக்கமானியிலும் ஒரு பொறி உண்டு. நொடிக்கு 100 மாதிரிதான் எடுக்கிறது என்றால் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் நம்ப முடியாது. வடிகட்டி சரியாக இல்லாத போனில் 96.5 ஹெர்ட்ஸ் அதிர்வு 3.5 ஹெர்ட்ஸாக மாறுவேடத்தில் தெரியும். அதைக் கட்டடம் ஆடுகிறது என்று நினைத்துப் பயந்துவிடலாம்.

முடுக்கமானியைப் பொருத்தும் விதத்தில்தான் பாதி வெற்றி. கையால் அழுத்திப் பிடித்தால் கையின் நடுக்கமே பதிவாகும். விரிப்பு, மெத்தை, உப்பிய பூச்சு, தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் டைல்ஸ் எதுவும் கூடாது. இறுகிய பரப்பைத் துடைத்து, மெல்லிய இருபக்க டேப்பால் ஒட்டி, கம்பியையும் தளர்வாக விட்டு ஒட்டிவிட்டேன். கம்பி ஆடினால் அதுவும் அதிர்வாகவே தெரியும்.

முடுக்கத்தை வேகமாக மாற்ற, 2 பை மடங்கு அதிர்வெண்ணால் வகுக்க வேண்டும். பம்ப் சட்டத்தின் காலில் நொடிக்கு 2.1 மில்லிமீட்டர். அதை ஒட்டிய கான்கிரீட் தளத்தில் 0.35. வெளியேறும் குழாயில், பம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி 1.6. படுக்கையறைச் சுவரில் 0.06. எல்லாம் சராசரி வர்க்க மூல அளவுகள் (ஆர்எம்எஸ்), அதிர்வின் உச்சத்தைவிடக் குறைவாக இருக்கும் ஒருவகைச் சராசரி.

சுவரின் 0.06 என்பது உச்ச அளவில் 0.085 ஆகிறது. கட்டுமான அதிர்வுகளுக்கான பிரிட்டிஷ் தரம் பிஎஸ் 5228, மிக உணர்வான சூழலிலும் மனிதர் உணரத் தொடங்குவது நொடிக்கு 0.14 மில்லிமீட்டர் அளவில் என்கிறது. அதனால்தான் சுவரில் கை வைத்தால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பல சதுர மீட்டர் பரப்புள்ள சுவர் அந்தச் சொற்ப அளவில் ஆடினாலே, ஒத்ததிரும் அறைக்குள் 58 டெசிபல் உண்டாக்கிவிடும். கைக்குத் தெரியாதது காதுக்குத் தெரிகிறது. "சுவர் விரிசல் விடுமா" என்று சிலர் கேட்டார்கள். கட்டடச் சேதத்துக்கான ஜெர்மன் தரம் டிஐஎன் 4150-3 குடியிருப்புகளுக்கு, மிகக் கண்டிப்பான தாழ்ந்த அதிர்வெண்களில்கூட, 5 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. நாம் அதன் பக்கத்தில்கூட இல்லை. இது தூக்கத்தின் பிரச்சினை, சுவரின் பிரச்சினை இல்லை.

பிறகு சுவரை ஒட்டி முடுக்கமானியை நகர்த்தி நகர்த்தி அளந்தேன். அளவு ஏறிக்கொண்டே போன இடம், மாடிக் குழாய் சுவருக்குள் நுழையும் துளை. குழாயைச் சுற்றிச் சிமென்ட் கலவையை இறுக அடைத்திருந்தார்கள். மழைத்தண்ணீர் இறங்காமலிருக்க நல்ல எண்ணத்தில் செய்தது. அதிர்வுக்கு அது நேர்வழி.

பம்பின் அடியைப் பார்த்தால் ரப்பர் இருந்தது. பொருத்தியவரும் "ரப்பர்தான் போட்டிருக்கே சார்" என்றார். உண்மை. ஆனால் ரப்பரை ஊடுருவி தளத்துக்குள் போல்ட் இறங்கியிருந்தது, நட்டு சட்டத்தின் மேல் முறுக்கப்பட்டிருந்தது. இரும்பு இரும்பைத் தொட்டபின் ரப்பருக்கு அங்கே வேலை கிடையாது. சரி, போல்ட்டே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், அந்த ரப்பர் பம்பின் எடையில் அமுங்கியது 0.3 மில்லிமீட்டர்தான்.

இந்த அமுங்கல்தான் அதிர்வுத் தடுப்பின் மையம். ஒரு தாங்கியின் (இயந்திரத்தின் அடியில் வைக்கும் ரப்பர் அல்லது ஸ்பிரிங்கின்) சொந்த அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க, 15.8-ஐ மில்லிமீட்டரில் உள்ள அமுங்கலின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும். 0.3-க்கு ஏறத்தாழ 29 ஹெர்ட்ஸ். ரப்பர் அதிரும்போது இன்னும் விறைப்பாக நடந்துகொள்ளும் என்பதால் உண்மையில் அதைவிட மேலே. இயந்திரத்தின் அதிர்வெண் தாங்கியினுடையதைப் போல 1.4 மடங்கைத் தாண்டிய பிறகுதான் தடுப்பே தொடங்குகிறது. அதற்குக் கீழே இருந்தால் தாங்கி அதிர்வைப் பெருக்கிவிடும்! மூன்று மடங்கில் எட்டில் ஒரு பங்கு கடக்கும். 48-க்கும் 29-க்கும் விகிதம் 1.7கூட இல்லை, பாதிக்கு மேல் கடந்துவிடும். எதையாவது மெத்தென்று அடியில் போடுவது வேறு, கணக்குப் பார்த்துப் போடுவது வேறு.

வேலை

பம்பின் எடை 40 கிலோ. கோண இரும்பில் சட்டம் அடித்து அதற்குள் கான்கிரீட் வார்த்து 70 கிலோ அடித்தளம் ஒன்று செய்தோம். எடை கூடினால் அதே விசைக்கு ஆட்டம் குறையும், ஈர்ப்பு மையமும் கீழே இறங்கும். கான்கிரீட் நன்றாக இறுகும்வரை பொறுத்தோம். மாடியில் கூடுதல் எடை என்பதால் தளத்தின் நடுவில் வைக்காமல், தூணுக்கு அருகே விட்டத்தின் மேல் வருமாறு இடத்தையும் மாற்றினோம். பாதுகாப்பு ஒரு காரணம். விறைப்பான இடத்தில்தான் ஸ்பிரிங் நன்றாக வேலை செய்யும் என்பது இன்னொன்று.

நான்கு மூலைக்கும் நான்கு ஸ்பிரிங். மோட்டார் பக்கம் கனம் அதிகம், அதனால் மூலைகளைச் சமச்சீராக வைக்காமல் ஈர்ப்பு மையத்தைப் பார்த்து நகர்த்தினோம். பாரம் ஏறுவதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஸ்பிரிங்கின் உயரத்தையும் வெர்னியரில் அளந்தேன். சராசரி அமுங்கல் 7 மில்லிமீட்டர், அதாவது சொந்த அதிர்வெண் 6 ஹெர்ட்ஸ். பம்பின் வேகம் அதைப் போல எட்டு மடங்கு. கணக்குப்படி கடப்பது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு, அதாவது 36 டெசிபல் குறைய வேண்டும். ஸ்பிரிங்கின் கம்பி வழியாகவே மேல் அதிர்வெண்கள் இறங்கிவிடும் என்பதால் ஒவ்வொன்றின் அடியிலும் ரப்பர் கிண்ணம். தளத்தோடு இரும்பு எங்கும் தொடவில்லையா என்று ஒரு தாளைச் செருகி நான்கு பக்கமும் இழுத்துப் பார்த்தேன்.

பம்பை ஓட்டினோம். தளத்தின் அதிர்வு 0.35-இலிருந்து 0.02-க்கு விழுந்தது, 25 டெசிபல் குறைவு. கணக்கு சொன்ன 36 கிடைக்கவில்லை. கணக்கு, தளம் அசையவே அசையாது என்று வைத்துக்கொள்கிறது. உண்மையான தளம் அசையும். படுக்கையறையிலோ 58 டெசிபல் 57 ஆனது. அவ்வளவுதான்.

ஒன்று ஒன்றாக மாற்றி ஒவ்வொன்றுக்கும் பின் அளந்ததன் பலன் இங்கேதான். கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரி, குழாய் வழி அப்படியே திறந்து கிடந்தது. பலர் இந்தக் கட்டத்தில் "ஸ்பிரிங்கெல்லாம் வேஸ்ட்" என்று கைவிட்டுவிடுவார்கள். ஒரே சுரம் இரண்டு வழியாக வரும்போது அவை ஒன்றையொன்று ஓரளவு கழித்துக்கொண்டும் இருக்கலாம். அப்படியிருந்தால் ஒரு வழியை மட்டும் அடைக்கும்போது சத்தம் கூடவும் செய்யும். அதற்காகப் பயந்து நிறுத்தக் கூடாது.

உறிஞ்சும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் ரப்பர் பெல்லோஸ், அதாவது மடிப்புள்ள நெகிழ் இணைப்பு, போட்டோம். இதில் ஒரு ஆபத்து உண்டு. இரண்டங்குலக் குழாயின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 20 சதுர சென்டிமீட்டர். 4 பார் அழுத்தத்தில் அது 800 நியூட்டன் விசை, சுமார் 80 கிலோ எடைக்குச் சமம். ஸ்பிரிங் மேல் மிதக்கும் பம்பை அது நெட்டித் தள்ளிவிடும். எனவே பெல்லோஸைக் கட்டுப்படுத்தும் கம்பிகள் கட்டாயம். அந்தக் கம்பிகளின் இரு முனையிலும் ரப்பர் வாஷர் இல்லாவிட்டால் அவையே அதிர்வுக்குப் பாலமாகிவிடும். மோட்டாருக்கு வரும் மின்கம்பியும் விறைப்பான குழாய்க்குள் நேராக வந்துகொண்டிருந்தது. அதை நெகிழ்குழாய்க்கு மாற்றி ஒரு வளையம் விட்டுத் தொங்கவிட்டோம்.

அப்புறம் சுவர்த் துளை. ஒல்லி உளியால் குழாயைச் சுற்றியிருந்த கலவையைத் துளித்துளியாகக் கொத்தி எடுத்தோம். முழு வட்டமும் விடுபடும்வரை முடுக்கமானியில் பெரிய மாற்றம் இல்லை. குழாயின் அடிப்பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அது உடைந்து கீழே விழுந்த நொடியில் திரையில் 48 ஹெர்ட்ஸ் கோடு படிக்கட்டு இறங்கியது போல் சட்டென்று இறங்கியது. சுற்றிலும் இடைவெளி விட்டு, கனிமப் பஞ்சு திணித்து, வெளிமுகத்தை இறுகாத மென்சீலன்ட்டால் பூசினோம். மழைக்கும் தடை, அதிர்வுக்கும் தடை. சுவரிலிருந்த இரும்பு கிளாம்ப்புகளைக் கழற்றி ரப்பர் உறையுள்ளவற்றைப் போட்டோம். அவற்றையும் நசுங்கும் அளவுக்கு முறுக்கக் கூடாது.

சுவர் அதிர்வு இப்போது 0.01. தலைமாட்டில் 48 ஹெர்ட்ஸ் சுரம் 42 டெசிபல், கேட்கும் விளிம்புக்குக் கீழே. சி எடையில் பம்ப் ஓடும்போது 47, நிற்கும்போது 46. ஏ எடையில் எப்போதும் 32. கட்டில் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. தண்ணீரே சுமந்து வரும் துடிப்பு. பம்பின் விசிறியில் ஆறு இறக்கைகள், ஆகவே 290 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மெல்லிய மேடு. பெல்லோஸ் குழாய்ச் சுவரின் அதிர்வைத் தடுத்தாலும் தண்ணீருக்குள் போகும் அழுத்த அலையை முழுதாகத் தடுக்காது. படுக்கையறையில் அது கேட்கவில்லை, குழாய் ஓடும் நடைபாதையில் காதை ஒட்டினால் கேட்கிறது.

இஎஸ்பி32-ஐக் கழற்றவில்லை. ஒவ்வொரு முறை பம்ப் ஓடும்போதும் 48, 96.5, 290 ஆகிய மூன்று பட்டைகளின் அளவைக் குறித்துக்கொண்டிருக்கிறது. 48 மெல்ல ஏறினால் சமநிலை கெடுகிறது அல்லது ஸ்பிரிங் தளர்கிறது என்று பொருள், 96.5 ஏறினால் தண்டின் நேர்கோட்டைப் பார்க்க வேண்டும். ரப்பர் பெல்லோஸ் வெயிலில் வெடிக்கும் என்பதால் அதற்கு மேல் ஒரு மறைப்புத் தகடு வைத்திருக்கிறோம், அது எதையும் தொடாதபடி. ஸ்பிரிங் உயரங்களை அடித்தளத்தின் பக்கவாட்டிலேயே பெயின்ட்டால் எழுதியிருக்கிறேன். அடுத்து யார் வந்து பம்பைக் கழற்றினாலும், திரும்ப வைத்ததும் அந்த நான்கு எண்களும் வருகின்றனவா என்று அளந்தால் போதும்.